நம்பர் பார்க்க வந்தவள்

மலைப்பாதை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஊட்டிக்குப் போகும்போதுகூட மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் நான் கண்ணைத் திறந்ததில்லை. அப்படிப்பட்டவளைப் போய் இலங்கையின் தேயிலை மலைகளுக்கு அனுப்பிவைத்தார்கள். வேறு ஆள் அகப்படாமல் இல்லை. படிவத்தைத் தயாரித்தவள் நீதான், நீயே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வா என்றுவிட்டார் எங்கள் ஜி.எம்.

படிவம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது லாரி தயாரிக்கும் கம்பெனியில். நாங்கள் விற்ற வண்டி ஓடி ஓய்ந்தால் அதன் கடைசிக் காரியமும் எங்கள் பொறுப்பு என்று ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறோம். எண்ணெயை வடித்து, பாட்டரியைக் கழற்றி, பிரேக் கட்டையின் தூள் பறக்காமல் பிரித்து, இரும்பை மட்டும் உருக்கப் போடுவோம். மண்ணிலோ தண்ணீரிலோ ஒரு சொட்டுக்கூட விழாது. இதையெல்லாம் வழவழப்பான காகிதத்தில் பச்சை இலை படம் போட்டு அச்சடித்திருக்கிறோம். பூண்டுலோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் எங்கள் பழைய லாரிகள் பதினொன்றை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கியிருந்தது. பதினொன்றும் முறையாகப் பிரிக்கப்பட்டன என்று நான் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கோப்பு மூடப்படும். அதற்குப் பிறகு அந்தப் பதினொரு வண்டிகளைப் பற்றி உலகத்தில் யாரும் எங்களை ஒரு கேள்வி கேட்க முடியாது.

அந்த மலைகளில் உள்ள ஹட்டன் டவுனில் இறங்கியது செவ்வாய்க்கிழமை மத்தியானம். மழை என்றால் எங்கள் ஊர் மழை மாதிரி பெய்து ஓய்கிற மழையில்லை, வீட்டுக்கு வந்த மாமியார் மாதிரி போகவே மனசில்லாத மழை. பஜாரில் ஒரு கடையில் ஒதுங்கினேன். கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தார்கள். சம்பலை ஒரு வாய் வைத்ததும் காது வழியாகப் புகை வந்தது. கடைக்காரர் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே சீனி டப்பாவைத் தள்ளினார்.

"இந்தியாவுங்களா? எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். "எங்களுது பெரம்பலூர் பக்கம்னு சொல்வாங்க. நான் போனதில்ல. அங்க இப்ப யாரு இருக்காங்களோ!" என்று சிரித்தார். நான் பெரம்பலூரை பஸ்ஸில் கடந்து போனவள்தான். அதைச் சொன்னதற்கே ஒரு வாழைப்பழம் சும்மா கொடுத்தார்.

வண்டிகளைப் பிரிக்கும் கிடங்கு டவுனுக்கு வெளியே இருந்தது. என்னை அங்கே கூட்டிப்போனவர் ராஜு என்ற ஆட்டோக்காரர். நான்கு நாளும் அவர்தான் எனக்குக் கால். "பயப்படாதீங்க மிஸ். பிரேக் நல்லாருக்கு. ஹோர்ன் மட்டும்தான் வேல செய்யாது" என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி "ஹோய்" என்று கத்தினார். நான் கந்தசஷ்டிக் கவசம் சொன்னேன். இரண்டும் சேர்ந்து எங்களைக் காப்பாற்றின என்று நினைக்கிறேன்.

கிடங்குக்காரர் சுனில் சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். ஒரு சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். கையகல இரும்புத் துண்டுகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் சட்டத்தில் பொறித்த வண்டி எண். என் படிவத்தில் கேட்டிருந்தது இதுதான்: எண் பொறித்த துண்டை வெட்டிக் காட்ட வேண்டும். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பதினொன்றும் சரி. அப்போது சுனில் போனில் யாருக்கோ சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னவாம் என்று ராஜுவிடம் கேட்டேன். "இந்தியாவுலேர்ந்து நம்பர் பாக்குற அம்மா வந்திருக்காங்க, பாத்துட்டாங்க, பிரச்சினை இல்லன்னு சொல்றாரு" என்றார் ராஜு.

எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு வராது. இரண்டு முறை பூட்டிய பூட்டை மூன்றாம் முறை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். வண்டிகள் எங்கிருந்து வந்தனவோ அந்தத் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

புதன்கிழமை தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே ஒருவருக்கு வேலை போகும். ஆபீஸில் தொரை இல்லை. நிர்வாகியை அங்கே இன்னும் தொரை என்றுதான் சொல்கிறார்கள். பெரிய கிளாக்கர் மறுநாள் வரச் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஆட்டோ மேட்டு லயத்தின், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், முன்னால் நின்றேவிட்டது. "ரெண்டு நிமிசம் மிஸ்" என்று ராஜு வண்டிக்குக் கீழே படுத்தார். எனக்கோ அவசரம், கழிப்பறை வேண்டும். வெட்கத்தை விட்டு லயத்து முதல் வீட்டின், அவர்கள் பேச்சில் காம்பராவின், கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவள் லெட்சுமி. முப்பது வயதிருக்கும். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், தலையில் இன்னும் கட்டு இருந்தது. கேள்வி கேட்காமல் வழி காட்டினாள். நான் திரும்பி வந்தபோது பால் இல்லாத தேத்தண்ணியும் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளச் சீனியும் தயாராக இருந்தன. சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டுமாம். மூலையில் நாலு வயசுப் பெண் பிள்ளை ஒன்று சுருண்டு படுத்திருந்தது.

"பயப்படாமக் குடிங்க மிஸ். இது பீலித் தண்ணி இல்ல. கீழ ஸ்கூல் பைப்புல புடிச்சாந்தது" என்றாள்.

பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே லயத்து முனையில் வந்து விழும் தண்ணீர். அதற்கு என்ன கேடு என்று கேட்டேன்.

"எங்க லயத்துக்குத் தண்ணியில கண்டம் மிஸ். நாலு மாசமாச்சி."

நான் சிரித்துவிட்டேன். தண்ணியில் கண்டம் என்று எனக்கும் ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். அதை நம்பி எங்கள் அம்மா நான் காலேஜ் முடிக்கிற வரை மெரினாவில் கால் நனைக்க விடவில்லை. அதையெல்லாம் லெட்சுமிக்கு விலாவாரியாகச் சொல்லி, "ஒண்ணும் ஆகலை பாருங்க, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். கோயில்ல ஒரு பரிகாரம் பண்ணிடுங்க" என்று யோசனையும் கொடுத்தேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பூசாரி வந்து எடுக்க முடியுங்களா மிஸ்? அம்புட்டுப் பாரம்."

"மனசுல பாரம் வச்சுக்கக் கூடாது லெட்சுமி" என்று நான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நாலு போட வேண்டும் போலிருக்கிறது. ராஜு வெளியிலிருந்து கத்தினார், பனி இறங்குகிறதாம். எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பெரிய கிளாக்கர் ஒரு பேரேட்டை என் முன்னால் விரித்தார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: கண்டம் வாகனங்கள். கீழே வரிசையாக எங்கள் பதினொரு லாரிகள்.

"இது என்ன, கண்டம்?" என்றேன்.

"கண்டம் பண்ணுனது மிஸ். இனி ஓடாதுன்னு ஒதுக்கி எழுதித் தள்ளுனது. ஒங்க ஊர்ல வேற சொல்லுவாங்களா?"

எங்கள் ஊரிலும் அதைத்தான் சொல்வார்கள். தாலுகா ஆபீஸ் மரத்தடியில் துருப்பிடித்து நிற்கும் ஜீப்பைக் கண்டம் ஆன ஜீப் என்று நானே சொல்லியிருக்கிறேன். தண்ணி என்ற சொல்லோடு சேர்ந்து வந்ததும் என் மரமண்டை ஜோசியத்துக்குப் போய்விட்டது. கிளாக்கரிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு ராஜுவை எழுப்பினேன். ஆட்டோவில் போகும்போது கவசம் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

"வாங்க மிஸ். பரிகாரம் செய்யவா வந்தீங்க?" என்றாள் லெட்சுமி. பிள்ளைக்கு முடியவில்லை என்று அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. நான் அந்தக் கேலிக்குத் தகுதியானவள்தான். "அந்தக் கண்டத்தை எனக்குக் காட்டு" என்றேன்.

பக்கத்துக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, செங்குத்து. அவள் செருப்பில்லாமல் ஏறினாள். நான் விலை உயர்ந்த ஷூவில் வழுக்கினேன். அட்டைகள் வேறு. சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டால் ஏறாது என்று போய்ச் சேர்ந்த பிறகு சொன்னாள். முன்னாலேயே சொன்னால் என்னவாம்!

மேலே ரோட்டுக்குக் கீழே ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் ஓடை. ஓடையில் மல்லாந்து கிடந்தது எங்கள் லாரி. டயர்களையும் பாட்டரியையும் யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். பாட்டரியைக் கவிழ்த்த இடத்தில் புல் கருகிக் கிடந்தது. என்ஜினுக்கு அடியிலிருந்து எண்ணெய் இறங்கித் தண்ணீர் மேல் ஏழு நிறத்தில் படர்ந்திருந்தது. பத்தடி கீழே சிமெண்டுத் தொட்டி. அங்கிருந்துதான் பீலிக்குக் குழாய் போகிறது. நான் வளர்ந்தது தோல் பதனிடும் ஊரில். கிணற்றில் மஞ்சளாக வரும் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளுக்கு இந்த நாற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் பக்கவாட்டில் கையகலத்துக்கு ஒரு ஓட்டை. விளிம்புகள் சுத்தமாக இருந்தன, காஸ் கட்டரால் வெட்டியது.

"மத்தப் பத்தும் டவுனுக்குப் போய்ச் சேந்துருச்சி மிஸ், கடைசியா இத ட்ராக்டர்ல கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரர்தான் லொறியில உக்காந்து ஸ்டியரிங் புடிச்சாரு. வளைவுல கயிறு அந்துருச்சி. அவரு குதிச்சிட்டாரு, சாமி புண்ணியம். லொறி உருண்டுருச்சி. ரெண்டு நாள் கழிச்சி கிடங்குலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. தூக்கத்தான் வர்றாங்கன்னு நெனச்சோம். நம்பர மட்டும் வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, இந்தியாக்காரங்க இதத்தான் கேக்குறாங்கன்னு சொன்னாங்க."

நான் ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தியாக்காரங்க என்றால் நான். குளுகுளு அறையில் உட்கார்ந்து, வண்டி முழுவதையும் காட்டச் சொன்னால் போக்குவரத்துக்குச் சிரமம் என்று யோசித்து, எண் துண்டு போதும் என்று எழுதியது நான். என் புத்திசாலித்தனத்துக்காக அன்று ஆபீஸில் கைதட்டினார்கள். சுனில் என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்டதைக் கொடுத்தார்.

"புள்ளைக்கு என்ன?" என்றேன்.

"வாந்தி மிஸ். ரெண்டு தடவ ஆஸ்பத்திரில வச்சாங்க. தண்ணியாலதான்னு டொக்டர் சொல்லல. இல்லன்னும் சொல்லல. கீழ போய்த் தண்ணி எடுத்தாந்து ஊத்துறேன். நான் மலைக்கு வேலைக்குப் போனதும் அது பீலில போய்க் குடிச்சிருது. சின்னப் புள்ள, தாகம் எடுத்தா என்ன செய்யும்?" சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுதுனா எங்க வீட்டுக்காரர் பேரு வருங்களா? பேரு போடாம எழுத முடியாதுங்களா?"

இறங்கும்போது நான் வழுக்காமலிருக்க லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மத்தியானம் ராஜு வாங்கி வந்த சோற்றுப் பார்சலை நான் பிரிக்கவேயில்லை.

ஜி.எம்முக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டார், கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பதினோரு நம்பர் வந்திருக்கில்ல? வண்டி எங்க கிடக்குதுங்கிறது எஸ்டேட் பிரச்சினைம்மா" என்றார். முடியாது சார் என்றேன். உடனே வேறு வழி சொன்னார். "சரி, பொய் சொல்ல வேண்டாம். அந்த ஒண்ணை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு. பத்து வண்டி ஒழுங்கா பிரிச்சாச்சுன்னு போடு. அது உண்மைதானே?"

உண்மைதான். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பத்து என்று எழுதினால் யாருக்கும் பொய்யில்லை, லெட்சுமி புருஷன் பெயரும் வராது, என் வேலையும் தப்பிக்கும். பதினோராவது லாரி மட்டும் யாருடையதும் இல்லாமல் போகும். எங்களுடையதில்லை, தோட்டத்தினுடையதில்லை, சுனிலுடையதில்லை. லயத்து ஜனங்கள் குடிக்கிற தண்ணீரில் தன்பாட்டுக்குக் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் தொரை இருந்தார். சின்ன வயசு, நல்ல மரியாதை. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "மழை முடிஞ்சா எப்படியும் ஒரு வழி பண்ணலாம் மிஸ்" என்று தமிழில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே மழை எந்தக் காலத்தில் முடிந்தது?

படிவத்தை எடுத்தேன். பதினோராவது வரியில், எண் வந்ததா என்ற இடத்தில், "எண் வந்தது, வண்டி வரவில்லை, குடிநீர் ஓடையில் கிடக்கிறது" என்று எழுதினேன். அடுத்த கட்டம், குறை ஏற்பட்டால் அதற்குப் பொறுப்பானவர் பெயர். அந்தக் கட்டத்தையும் படிவத்தில் சேர்த்தவள் நானே. பெரிய கிளாக்கர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "கயிறு கட்டுனவன் பேரப் போடணும் மிஸ். இல்லாட்டி ஸ்டியரிங் புடிச்சவன். அவங்க பேரில்லாம மேல ஒத்துக்க மாட்டாங்க. நீங்க போயிருவீங்க. நாங்க இங்கதான் இருக்கணும்."

அவர் சொன்னது மிரட்டல் இல்லை, அவரும் பயந்துதான் போயிருந்தார். பொறுப்பானவர் என்ற கட்டத்தில் எங்கள் கம்பெனியின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொரை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து லெட்சுமியைத் தேடிப் போனேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றாள். அவள் புருஷன் பெயர் எங்கும் வரவில்லை என்று சொன்னேன். மூச்சு விட்டாள். "அப்ப அது யாரு லொறிங்க?"

"எங்களுது."

"அப்ப எப்ப எடுப்பீங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்; அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "எடுக்குற வரைக்கும் நான் யாரக் கேக்குறது?" என்றாள். என் போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி வந்த வாரமே விளக்கம் கேட்டு ஆபீஸில் கடிதம் கொடுத்தார்கள். மூன்று கூட்டம் நடந்தது. கிரேன் போக அங்கே பாதை இல்லை என்றார்கள். அந்த இடத்திலேயே துண்டு துண்டாக வெட்டி ஆட்களை வைத்துத் தூக்கலாம், முதலில் எண்ணெயை வடிக்கலாம் என்று நான் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். லெட்சுமி மட்டும் ஒரு நாள் தவறவில்லை. தினம் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகுமுன் குரல் செய்தி அனுப்புவாள். ஒரே வரிதான். "மிஸ், இன்னும் கெடக்குதுங்க."

இன்று காலை செய்தி வரவில்லை. எட்டு மணி வரை பொறுத்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, யாராவது வந்து லாரியை எடுத்துவிட்டார்களோ என்று ஒரு நப்பாசையும் கூடவே வந்தது. ஐந்தாவது முறை அடித்தபோது எடுத்தாள்.

"கரண்டு இல்ல மிஸ், போன் செத்துப்போச்சி. பக்கத்துக் காம்பராவுல இப்பத்தான் சார்ஜ் போட்டேன். புள்ள எந்திரிச்சி வெளையாடுது. அது அங்கேயேதான் கெடக்குது. நீங்க எப்ப வர்றீங்க?"

"திங்கட்கிழமை கிளம்புறேன் லெட்சுமி" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.